காலி பாக்கெட் யாருடையது?

பிளாஸ்டிக் குப்பை பற்றிய விவாதங்களில் இருவர் தவறாமல் கூண்டில் ஏற்றப்படுகிறார்கள். ஒருவர், பொருளைப் பளபளக்கும் உறையிலிட்டு அனுப்பும் உற்பத்தியாளர். மற்றவர், பிரித்த உறையைத் தெருவில் எறிந்துவிட்டு நடந்துபோகும் நம்மைப் போன்ற நுகர்வோர். இவ்விருவருக்கும் நடுவே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கிறார். உறை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவது அவர் கண்முன்னால்தான். ஆயினும் அதில் அவருக்கு என்ன பொறுப்பு, எந்த அளவுக்குப் பொறுப்பு என்பதை நமது விதிகள் நிதானமாக யோசித்ததாகத் தெரியவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரரை அபராதம் கட்டுபவராக மட்டுமே பார்க்கும் விதிகள் நியாயமும் அற்றவை, பயனும் அற்றவை. காலி உறை திரும்பி வரும் வாசலாகக் கடையை ஆக்க வேண்டும். அந்த வேலைக்கான கூலியை உற்பத்தியாளர் தர வேண்டும். தன் கையால் கட்டிக் கொடுக்கும் பைக்கும் பொட்டலத்துக்கும் மட்டும் கடைக்காரரே பொறுப்பேற்கட்டும். இதைக் கேட்டவுடன் "அதெல்லாம் ஐரோப்பாவில் நடக்கும், நம்மூரில் நடக்குமா?" என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. ஐரோப்பாவில் எப்படி நடந்தது என்பதையும் பார்ப்போம். நம்மூரில் ஏற்கெனவே நடந்ததையும் பார்ப்போம்.

முதலில் விதிகள். 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் பதினைந்தாவது விதி கேரி பேக்குகளைப் பற்றியது. பிளாஸ்டிக் பையில் பொருள் கொடுக்க விரும்பும் கடைக்காரரும் தெருவோர வியாபாரியும் உள்ளாட்சி அமைப்பிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது அது. அதற்குக் கட்டணம் மாதத்துக்கு 4,000 ரூபாய் வீதம் ஆண்டுக்குக் குறைந்தது 48,000 ரூபாய். கவனியுங்கள், தெருவோர வியாபாரிக்கும் அதுதான். தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்பவருக்கும் குளிரூட்டப்பட்ட பல்பொருள் அங்காடிக்கும் ஒரே தொடக்கத் தொகை. இதை எழுதியவர் தம் வாழ்நாளில் தள்ளுவண்டியில் ஒரு கொய்யாப்பழமாவது வாங்கியிருப்பாரா என்று எனக்கு ஐயம் உண்டு. எதிர்பார்த்தபடியே இந்த விதி ஏட்டுச் சுரைக்காயாகக் கிடந்து, 2018 மார்ச் மாதத் திருத்தத்தில் அடியோடு நீக்கப்பட்டது.

அதே திருத்தம் இன்னொரு காரியத்தையும் செய்தது. மறுசுழற்சி செய்ய இயலாத பல அடுக்கு உறைகளை, அதாவது சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் பாக்கெட், ஷாம்பு பாக்கெட் வகையறாக்களை, இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்படியாக ஒழித்துவிட வேண்டும் என்று 2016இன் விதிகள் சொல்லியிருந்தன. திருத்தத்தில் அந்த வாசகத்தோடு ஓர் ஒட்டு சேர்ந்தது: மறுசுழற்சிக்கோ, எரித்து ஆற்றல் பெறுவதற்கோ, வேறு பயனுக்கோ உதவாதவை என்று. சிமெண்ட் சூளையில் போட்டால் எதுதான் எரியாது? ஒழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியல் அந்த ஒரு சொற்றொடரால் ஏறத்தாழக் காலியாகிவிட்டது. (பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' என்றும் 'ஞெகிழி' என்றும் பெயர் வைத்திருக்கிறோம். 'ஞெகிழி' என்பதற்குப் பழந்தமிழில் கொள்ளிக்கட்டை என்று பொருள். தெருமுனைகளில் விடியற்காலையில் பாக்கெட்டுகளைக் குவித்துக் கொளுத்துவதைப் பார்க்கும்போது, பெயர் வைத்தவர்கள் தீர்க்கதரிசிகளோ என்று தோன்றும்.)

பதினைந்தாவது விதி போனாலும் பதினான்காவது விதி எஞ்சியது. உரிய முறையில் தயாரிக்கப்படாத, உரிய அடையாளங்கள் அச்சிடப்படாத பையிலோ பல அடுக்கு உறையிலோ பொருளை விற்கும் சில்லறை வியாபாரி, உள்ளாட்சியின் துணைவிதிப்படி அபராதம் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். உறையின் கனம் இத்தனை மைக்ரான் என்று அளக்கும் கருவி எந்த மளிகைக்கடையில் இருக்கிறது? பையின் மேல் தயாரிப்பாளர் பெயர் அச்சிடாமல் விட்டது யார் குற்றம்? பிடிபடுவது என்னவோ எளிதில் பிடிபடக்கூடியவர்தான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதி தொட்டு, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பதினான்கு வகைப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. நல்ல தடை, நான் அதை எதிர்ப்பவன் அல்லன். ஆனால் 2018 ஜூனில் வந்த அரசாணையைப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். தொழிற்சாலையிலேயே பொருளை வைத்து மூடி அனுப்பும் உறைகளுக்கு அதில் விலக்கு இருந்தது. ஆக, அண்ணாச்சி கால்கிலோ துவரம்பருப்பை ஒரு மெல்லிய பையில் போட்டுக் கொடுத்தால் குற்றம். அதே பருப்பைப் பெருநிறுவனம் அதைவிடத் தடித்த உறையில் அடைத்து அவர் கடையிலேயே விற்றால் குற்றமில்லை. அந்த விலக்கு 2020 ஜூனில் நீக்கப்பட்டது. நீக்கியதன் பலனைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் அருகிலுள்ள எந்தப் பெட்டிக்கடைக்கும் போய், வாசலில் தோரணமாகத் தொங்கும் பாக்கெட் சரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். 2019 ஜூனில் அறிவிக்கப்பட்ட அபராதப் பட்டியலோ சிறு வியாபாரிக்கு முதல் முறை 100 ரூபாய், அடுத்து 200, பிறகு 500 என்றும், மளிகை மருந்துக்கடை போன்றவற்றுக்கு 1,000, 2,000, 5,000 என்றும் போயிற்று.

மகாராஷ்டிரத்திலும் கதை இதுதான். 2018 மார்ச்சில் வந்த தடையில் முதல் குற்றத்துக்கே 5,000 ரூபாய். மூன்றாம் முறை 25,000 ரூபாயும் மூன்று மாதச் சிறையும். மளிகைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். தொழிற்சாலை உறைக்கு விலக்கு, எங்கள் பொட்டலத்துக்குச் சிறையா என்ற அவர்கள் கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. ஜூன் கடைசியிலேயே கடைகளுக்கான பகுதி தளர்த்தப்பட்டது.

எங்கள் தெருவின் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஒருமுறை இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "நான் என்ன தம்பி பாக்கெட்டா அடிக்கேன்? வர்ற சரக்கை விக்கேன். அந்தக் காலத்துல எங்கப்பா எண்ணெயை டின்னுலருந்து அளந்துதான் ஊத்துனாரு. அளக்கக் கூடாதுன்னு சொன்னவனும் கவர்மெண்டுதான்" என்றார். அவர் சொன்னதன் பின்பாதி முக்கியமானது. 1998இல் டில்லியில், பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் நீர்க்கோவை நோய் பரவிப் பலர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து அவ்வாண்டே சமையல் எண்ணெயைச் சிப்பமிட்டுத்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசின் ஆணை வந்தது. பின்னர் 2011இன் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அது இடம்பெற்றது. கலப்படத்துக்கு அஞ்சி எடுத்த முடிவு அது. தவறென்று சொல்ல முடியாது. ஆனால் உறையிடச் சொன்னவர், அந்த உறை பிறகு எங்கே போகும் என்று அன்று ஒரு வரிகூட எழுதவில்லை.

பழையபடி எல்லாவற்றையும் காகிதப் பொட்டலத்திலும் தூக்குப்பாத்திரத்திலும் வாங்கினால் தீர்ந்தது என்று நம்மில் பலர் உருகி உருகி எழுதுகிறோம். எனக்கும் சணல் நூற்கண்டு உத்தரத்திலிருந்து தொங்கும் அந்தக் கடைகளைப் பிடிக்கும். அதற்காகக் கலப்படத்தையும், எடைக்கல்லின் அடியில் ஒட்டிய புளியையும் மறந்துவிட முடியுமா? சிப்பம் முழுவதுமாகப் போகப்போவதில்லை. அது திரும்பி வருவதற்கு வழி உண்டா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஜெர்மனி இதைக் கேட்டது 1991இல். கிளாஸ் டோஃபர் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது வந்த சிப்ப ஒழுங்குமுறை அது. சிப்பத்தை மூன்றாகப் பிரித்தது. சரக்கு ஏற்றிவர உதவும் அட்டைப்பெட்டி முதலியன ஒரு வகை. பற்பசைக் குழாயைச் சுற்றியுள்ள அட்டை போன்ற மேலுறை இரண்டாம் வகை. பொருளை நேரடியாக அடைத்திருக்கும் உறை மூன்றாம் வகை. 1992 ஏப்ரல் முதல், வாடிக்கையாளர் மேலுறையைக் கடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போகலாம், அதற்குக் கடைக்காரர் தொட்டி வைக்க வேண்டும் என்றாயிற்று. 1993 ஜனவரி முதல் மூன்றாம் வகையையும் கடையே திரும்பப் பெற வேண்டும். வீடு வீடாகச் சென்று சேகரிக்கும் ஏற்பாட்டை உற்பத்தியாளர்கள் தம் செலவில் செய்துகொடுத்தால் மட்டும் இந்தக் கடமையிலிருந்து விலக்கு.

இந்த விதியின் சூட்சுமத்தைச் சற்று நின்று ரசிக்க வேண்டும். கடைக்காரரை உண்மையில் குப்பைத்தொட்டி ஆக்குவது நோக்கமாக இருக்கவில்லை. தயிர்க் குப்பிகளும் சோப்புத்தூள் டப்பாக்களும் தங்கள் வாசலில் மலைபோல் குவியும் என்ற அச்சம் பெரிய கடைகளுக்கு வந்தது. அவை உற்பத்தியாளர்களின் கழுத்தில் கையை வைத்தன: சேகரிப்பு ஏற்பாட்டில் சேராதவர் சரக்கை அடுக்கில் வைக்கமாட்டோம் என்றன. அப்படிப் பிறந்ததுதான் பச்சைப் புள்ளி முத்திரை. அரசால் ஆயிரம் ஆய்வாளர்களை வைத்தும் செய்ய முடியாததை, அலமாரியில் இடம் கிடையாது என்ற ஒரு வாக்கியம் செய்தது. கடைக்காரரின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. நாமோ அவரிடமிருந்து நூறு ரூபாய் வசூலித்துவிட்டு மனநிறைவு கொள்கிறோம்.

அங்கும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. 1993இலேயே அந்த ஏற்பாடு திவாலின் விளிம்புக்குப் போயிற்று. மக்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பிரித்துப் போட்டார்கள். பல நிறுவனங்களோ காசு கட்டாமல் புள்ளியை மட்டும் அச்சடித்துக்கொண்டன. பிறகு 2003 ஜனவரியில், தூக்கியெறியும் தகர டப்பாக்களுக்கும் புட்டிகளுக்கும் டெபாசிட் கட்டாயமானபோது பெரிய தள்ளுபடிக் கடைகள் ஒரு தந்திரம் செய்தன. தமக்கென்று தனி வடிவப் புட்டிகளைச் செய்துகொண்டு அவற்றை மட்டுமே திரும்பப் பெற்றன. ஒரு கடையில் வாங்கிய புட்டியை இன்னொரு கடையில் கொடுக்க முடியாமல் மக்கள் அலைந்தார்கள். 2006 மே முதல் தேதி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்: பிளாஸ்டிக் புட்டியில் விற்பவர், எங்கே வாங்கியதானாலும், டெபாசிட் உள்ள பிளாஸ்டிக் புட்டிகளை வாங்கிக்கொள்ள வேண்டும், டப்பாவில் விற்பவர் டப்பாவை. இதில் நான் குறிப்பாகச் சொல்ல வந்தது ஒரு விதிவிலக்கை. விற்பனைப் பரப்பு 200 சதுர மீட்டருக்குக் குறைவான கடை, தான் விற்கும் வணிகப்பெயர்களின் புட்டிகளை மட்டும் வாங்கினால் போதும். அதாவது சிறிய கடைக்கும் கடமை உண்டு. ஆனால் அது கடையின் அளவுக்குத் தக்க கடமை. நமது 4,000 ரூபாய்க்கும் இதற்கும் உள்ள தூரம் என்னவென்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கடையிலேயே நிரப்பிக் கொடுக்கும் பொட்டலங்களை ஜெர்மன் சட்டம் தனி இனமாக வைத்திருப்பதும் கவனிக்கத் தக்கது. ரொட்டிக்கடைக்காரர் ரொட்டியைப் போட்டுக் கொடுக்கும் காகிதப்பையின் கழிவுக்கு அவரே பொறுப்பாளி. ஆனால் கழிவுக் கட்டணம் முன்னரே கட்டப்பட்ட பையாகப் பார்த்து மொத்த வியாபாரியிடம் வாங்கினால் அவருக்குத் தனிக் கணக்கு வழக்குச் சுமை இல்லை. 2022 ஜூலை முதல் அவரும் பொதுப் பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்றார்கள்; அதற்குக் கட்டணம் கிடையாது. 2023 ஜனவரி முதல், உணவைக் கட்டிக் கொடுக்கும் கடைகள் மறுபயன்பாட்டுப் பாத்திரத்தையும் ஒரு தெரிவாக வைத்திருக்க வேண்டும். ஐந்து பேருக்கு மிகாத பணியாளரும் 80 சதுர மீட்டருக்கு மிகாத இடமும் கொண்ட கடைகளுக்கு அது தேவையில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தால் போதும். நம்மூரில் தூக்குவாளியில் சாம்பார் வாங்குவதைத்தான் ஜெர்மானியர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து சட்டமாக எழுதியிருக்கிறார்கள்.

ட்யூபிங்கன் என்றொரு பல்கலைக்கழக நகரம் இன்னும் ஒருபடி மேலே போனது. 2022 ஜனவரி முதல், தூக்கியெறியும் குவளைக்கும் தட்டுக்கும் தலா 50 செண்ட் வரியைக் கடைகளின் மீது விதித்தது. பன்னாட்டுத் துரித உணவு நிறுவனம் ஒன்றின் கிளையை நடத்திவந்தவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில் வெளியான தீர்ப்பில் நகரமே வென்றது. இது எனக்குச் சரியென்றே படுகிறது. எந்தக் குவளையில் தேநீர் கொடுப்பது என்பது கடைக்காரரின் சொந்த முடிவு. சொந்த முடிவின் செலவு சொந்தக் கணக்கில் ஏறட்டும். அண்ணாச்சி பருப்புக்கு மெல்லிய பை கொடுத்தால் அது அவர் பொறுப்புதான். அதில் அவருக்காக வாதாட நான் வரவில்லை.

இனி நம்மூருக்கு வருவோம். ஷாம்பு பாக்கெட் என்பது எங்கோ வெளிநாட்டில் பிறந்து நம்மீது வந்து விழுந்த சாபம் அன்று. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர், ஏழை எளியவரும் வாங்க வேண்டுமென்று பொருளைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்கும் உத்தியைக் கொண்டுவந்தார். வெல்வெட் ஷாம்பு அப்படி வந்தது. அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் தனியே பிரிந்து 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் சரக்குதான் 'சிக்' ஷாம்பு. முழுப் புட்டி வாங்க வழியில்லாத கோடிக்கணக்கானோர் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்தது இந்தக் கண்டுபிடிப்பால்தான். அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. மாதச் சம்பளக்காரர்கள் ஒரு லிட்டர் புட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, தினக்கூலிக்காரரின் ஒரு ரூபாய் பாக்கெட்டைக் குறைசொல்வது எளிது.

அந்த 'சிக்' ஷாம்புவின் விற்பனை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. வணிகவியல் வகுப்புகளில் விளம்பர உத்தியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். குப்பையைப் பற்றிப் பேசுகிறவர்கள்தாம் அதைக் கண்டுகொள்வதில்லை. எந்த நிறுவனத்தின் ஷாம்புவானாலும் சரி, ஐந்து காலி பாக்கெட்டுகளைக் கடையில் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு 'சிக்' பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். சிறிது காலம் சென்றதும், காலி 'சிக்' பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். மக்கள் 'சிக்'குக்கு மாறினார்கள். விற்பனை பன்மடங்கு பெருகியது.

வணிகவியல் மாணவர் இதில் வாடிக்கையாளரைக் கவர்ந்த சாமர்த்தியத்தைப் பார்ப்பார். எனக்குத் தென்படுவது வேறு. பெருக்கித் தள்ளினாலும் யாரும் பொறுக்க மாட்டார்கள், எடையே கிடையாது, காயலான் கடையில் செல்லாது, எனவே திரும்பப் பெறவே முடியாது என்று இன்று நிறுவனங்கள் சொல்லும் அதே ஷாம்பு பாக்கெட், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கழுவி, எண்ணி, ஐந்தைந்தாகச் சேர்த்துப் பெட்டிக்கடைக்குத் திரும்பி வந்திருக்கிறது. கடைக்காரர் எண்ணி வாங்கினார். நிறுவனத்தின் ஆட்கள் கணக்குப் பார்த்து ஈடு கொடுத்தார்கள். கணினி இல்லை, பதிவேட்டுத் தளம் இல்லை, சான்றிதழ் இல்லை. இலாபம் வரும் என்றபோது முடிந்தது, குப்பை குறையும் என்றால் மட்டும் முடியாதாம்.

சில்லறைத் தட்டுப்பாடும் இதற்குத் தடையாகாது. ஒரு ரூபாய் பாக்கெட்டுக்கு 20 காசு டெபாசிட் வைக்க முடியாது, உண்மைதான். ஐம்பது காசுக்குக் குறைந்த நாணயங்கள் 2011 ஜூனோடு செல்லாமற் போயின, ஐம்பது காசையும் எந்தக் கடையிலும் வாங்குவதில்லை. ஆனால் நமது கடைகளுக்கென்று தனி நாணயம் ஒன்று எப்போதும் உண்டு. மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கத் தெரிந்த கடைக்காரருக்கு, பத்துக் காலி பாக்கெட்டுக்கு ஒரு புது பாக்கெட் கொடுக்கவா தெரியாது?

புட்டிகளுக்கு நம்மிடம் அண்மைக்கால அனுபவமே இருக்கிறது. மலைப்பகுதிகளில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகள் யானை முதலிய விலங்குகளின் காலைக் கிழிப்பது பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த நெருக்கடியால், 2022 மே மாதம் நீலகிரி மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் காலிப் புட்டியைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் புட்டியைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருவார்கள். விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடித்தவர் கொண்டுவராவிட்டாலும், காட்டோரத்தில் கிடந்ததை வேறொருவர் பொறுக்கிக்கொண்டு வந்தார். பின்னர் கோவை, பெரம்பலூர் என்று பிற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. குடிமக்களைப் பற்றி நமக்கிருக்கும் தாழ்வான எண்ணத்தைக் 'குடிமகன்'களே பொய்யாக்கிவிட்டார்கள் என்று ஒரு நண்பர் சிலேடையாகச் சொன்னார்.

ஆனால் அந்தத் திட்டத்தில் யார் கஷ்டப்பட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டாஸ்மாக் ஊழியர்கள் போராட்டம் நடத்தினார்கள். ஏற்கெனவே நெரிசலான கடை. புட்டிகளை அடுக்க இடமில்லை. ஒவ்வொரு புட்டிக்கும் வில்லை ஒட்ட வேண்டும், திரும்பி வந்ததைச் சரிபார்க்க வேண்டும், எண்ண வேண்டும். கூடுதல் ஆள் இல்லை. உடைந்த கண்ணாடியும் எச்சில் வாடையும் அவர்கள் பாடு. அரசே முதலாளியாக இருக்கும் கடையிலேயே இந்த நிலை என்றால், எட்டுக்குப் பத்து அடி பெட்டிக்கடையின் கதி என்ன? எறும்பு, கரப்பான், எலி ஆகியவற்றோடு நித்திய யுத்தம் நடத்துகிறவரிடம் போய்ப் பிசுபிசுத்த சாஸ் பாக்கெட்டை நீட்டினால் அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். அச்சில் ஏற்ற முடியாது.

ஆகவேதான் கூலியைப் பற்றிப் பேசுகிறேன். நார்வேயில் புட்டிகளைத் திரும்பப் பெறும் அமைப்பு ஒவ்வொரு புட்டிக்கும் டப்பாவுக்கும் கடைக்குக் கையாள் கூலி கொடுக்கிறது. பழைய குளிர்பானப் புட்டிகளின் காலத்தில் நம்மூரிலும் காலிப் புட்டியை எடுத்துச் செல்ல நிறுவனத்தின் வண்டி வரும். சரக்கு இறக்கும் அதே ஆள் காலி கிரேட்டை ஏற்றிக்கொண்டு போவார். கடைக்காரர் புட்டியைத் தேடிக்கொண்டு எங்கும் அலைந்ததில்லை. இன்றும் சரக்கு வண்டிகள் பெட்டிக்கடை வரை வருகின்றன. வெறும் வண்டியாகத்தான் திரும்புகின்றன. விதியில் எழுத வேண்டியது இதுதான்: சரக்கு கொண்டுவரும் வண்டி காலியை எடுத்துச் செல்லக் கடமைப்பட்டது, கடைக்காரருக்கு எண்ணிக்கைக்கு இவ்வளவு கூலி, சதுர அடிக்குத் தக்கபடி கடமையின் அளவு.

இதற்கு எதிராக, உற்பத்தியாளரின் பொறுப்பு ஏற்கெனவே சட்டமாகிவிட்டதே என்பார்கள். ஆம், 2022 பிப்ரவரியில் விரிவான வழிகாட்டுதல்கள் வந்தன. சொந்தப் பெயரில் சரக்கு விற்கும் பெரிய சங்கிலிக் கடைகளையும் அது உற்பத்தியாளரோடு சேர்த்து வைத்தது. குறு, சிறு நிறுவனங்களை விட்டுவிட்டது. அதுவரை சரி. ஆனால் அந்த ஏற்பாட்டில் நிறுவனம் தன் பாக்கெட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கோ ஒரு மறுசுழற்சி ஆலை அத்தனை டன் பிளாஸ்டிக்கைக் கையாண்டதாகச் சான்றிதழ் கொடுக்கும். அதை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது, சில ஆலைகள் மட்டுமே சேர்ந்து ஏறத்தாழ 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்தது வெளிப்பட்டது. பிடிக்காத குப்பையைப் பிடித்ததாக எழுதுவது காகிதத்தில் எளிது. கடைவாசலில் அது நடக்காது. பத்து ரூபாயைத் திரும்பக் கேட்டு நிற்பவர் கையில் புட்டி இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு தணிக்கையாளர். அவருக்குச் சம்பளமும் வேண்டாம்.

குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களின் வயிற்றில் இது அடிக்காதா என்று கேட்பவர்களுக்கு மட்டும் சற்றுத் தயங்கித்தான் பதில் சொல்கிறேன். தண்ணீர்ப் புட்டிகளை இன்று அவர்கள்தாம் பொறுக்கிக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். டெபாசிட் வந்தால் வீட்டுக்காரரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். தெருவில் கிடப்பது குறையும். ஆனால் கிடப்பதன் விலை உயரும். கிலோவுக்கு விலை பேசிய இடத்தில் ஒவ்வொன்றுக்கும் காசு கிடைக்கும். அதைவிட, இன்று அவர்கள் குனிந்துகூடப் பார்க்காத ஷாம்பு பாக்கெட்டுக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் முதன்முறையாக ஒரு விலை பிறக்கும். அந்த விலை அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், கடை எவரிடமிருந்தும் காலியை வாங்க வேண்டும், வாங்கிய ரசீதைக் கேட்கக் கூடாது என்று விதியில் எழுதியாக வேண்டும்.

திரும்பி வந்த பாக்கெட்டை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியில் புட்டிகள் திரும்பின. ஆனால் கழுவி மீண்டும் நிரப்பும் புட்டிகளின் பங்கு பாதிக்கும் கீழே போய், நொறுக்கி உருக்கும் புட்டிகளே பெருகின. திரும்பி வருவது பாதி வேலைதான். பல அடுக்கு பாக்கெட்டை இன்றைக்கு உருப்படியாக எதுவும் செய்ய முடியாது என்பதும் உண்மை. ஆயினும் அது தெருவில் கிடக்கும்போது அந்த முடியாமை மாநகராட்சியின் தலைவலி. மூட்டையாகக் கட்டி நிறுவனத்தின் கிடங்கு வாசலில் இறக்கினால் நிறுவனத்தின் தலைவலி. எந்தத் தலைவலிக்கு விரைவில் மருந்து கண்டுபிடிக்கப்படும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை. சரத்துக்கு எத்தனை பாக்கெட் என்று எண்ணி விற்கும் நிறுவனத்துக்கு, கடைக்கு எத்தனை சரம் போயிற்று என்பது துல்லியமாகத் தெரியும். ஒரே ஒரு தாலுகாவில், ஒரே ஒரு நிறுவனம், ஆறு மாதம் இதைச் செய்து பார்க்கட்டும். கடலூரிலேயே தொடங்கலாம்.